கிரிக்கெட் பசங்களுக்கு பழைய பேஸ்பால் கதை படிச்சு காட்டுறது எப்படி

பெங்களூர்ல வளர்ற நம்ம பசங்க வீட்ல தமிழ், தெருவுல கன்னடம், ஸ்கூல்ல இங்கிலீஷ்னு பேசிட்டு சுத்துவாங்க, ஆனா எந்த பாஷைல பேசினாலும் விளையாட்டுன்னா கிரிக்கெட் மட்டும்தான். இவங்க கையில ஒரு பழைய அமெரிக்க பேஸ்பால் நாவல குடுத்து பாருங்க, ரெண்டாவது சாப்டர்லயே மூடி வச்சிடுவாங்க. ஸ்ட்ரைக்னா என்ன, பால்னா என்ன, ஷார்ட்ஸ்டாப் எங்க நிப்பான், எதுவும் புரியாது. அந்த ஒரே காரணத்தால, சின்ன பசங்களுக்குன்னு எழுதின விளையாட்டு கதைகள்லயே ரொம்ப நல்ல கதைங்க நம்ம வீட்டுக்குள்ள வராமலே போயிடுது, எனக்கு இது உண்மையாவே வருத்தம். எங்க அபார்ட்மென்ட் பசங்கள ஞாயித்துக்கிழமைல சேத்து உக்கார வச்சு இந்த கதைகள படிச்சு காட்டிட்டு வர்றேன், அதுல எனக்கு சரியா வந்த வழிய இங்க எழுதுறேன். எட்டு வயசுலேர்ந்து பதிமூணு வயசு வரைக்கும் பசங்க இருக்கற வீட்டுக்கு இது ஒத்து வரும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒன்ன மனசுல வாங்கிக்கங்க. இந்த கதைகள்ல நல்லது எல்லாமே தோக்குறத பத்தினது. அந்த விளையாட்டே அப்படித்தான் இருக்கு. பேஸ்பால்ல பேட்டிங் ஆவரேஜ்னா பத்து தடவை பேட் புடிச்சா எத்தன தடவை ஹிட் அடிச்சான்னு கணக்கு, .300 இருந்தாலே அவன் பெரிய பேட்ஸ்மேன், அதாவது பத்துல ஏழு தடவை ஒன்னும் அடிக்காம திரும்பி வர்றவன். 1941ல டெட் வில்லியம்ஸ் எடுத்த .406அ இன்னிக்கு வரைக்கும் பேசுறாங்க, அந்த வருஷம் கூட இந்த கணக்குல பாதிக்கு மேல அவர் ஹிட் அடிக்காதவர்தான். இன்னொன்னு பாருங்க, நம்ம கிரிக்கெட்ல ஒருத்தன் கேட்ச விட்டா கமெண்டேட்டர் திட்டுவார், அதோட சரி, பேஸ்பால்ல ஃபீல்டர் பண்ற தப்புக்கு தனி கட்டமே இருக்கு, ரன், ஹிட், எர்ரர்னு மூணு நம்பர் ஸ்கோர்போர்டுல மேட்ச் முடியற வரைக்கும் நிக்கும். ஊரே பாக்க தோத்து, மறுநாள் அதே கிரவுண்டுக்கு மறுபடி வர்ற பையனோட கதைதான் இதெல்லாம். நம்ம பசங்களுக்கு இது ரொம்ப தேவைன்னு நான் நெனைக்கிறேன், மார்க் ஷீட்டும் ரேங்க்கும் மட்டுமே பாத்து வளர்றவங்க இவங்க.

சரி, ரூல்ஸ். முழு ரூல் புக்கையும் சொல்லி குடுக்க உக்காந்துடாதீங்க, பசங்க ஓடிடுவாங்க. கதைக்கு தேவையானது கொஞ்சம்தான், அத மொட்டை மாடியிலயோ பார்க்கிங்லயோ நிக்க வச்சு காட்டிடலாம். நாலு செருப்ப எடுத்து சாஞ்ச சதுரமா வைங்க, நிஜ மைதானத்துல ஒரு பேஸ்லேர்ந்து அடுத்த பேஸ் 90 அடி, மாடியில பத்தடி போதும். பேட்ஸ்மேன் நிக்கிற செருப்பு ஹோம் ப்ளேட். அங்கேர்ந்து வலது கை பக்கமா கிளம்பி ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் எல்லாத்தையும் தொட்டு திரும்ப ஹோமுக்கு வந்தா ஒரு ரன். பந்து வீசறவன் பிட்ச்சர், ஹோம் ப்ளேட்லேர்ந்து 60 அடி 6 அங்குலம் தள்ளி நிப்பான், நம்ம பிட்ச்சுல ஸ்டம்ப்புக்கு ஸ்டம்ப்பு 66 அடின்னு சொன்னா பசங்களுக்கு தூரம் டக்குனு புரியும். பந்து தரையில குத்தாது, எல்லாமே ஃபுல் டாஸ். இத கேட்டதும் "அப்ப ஈஸியா அடிக்கலாமே"ன்னு ஒருத்தன் கண்டிப்பா கேப்பான், பேட்டு உருண்டைங்கறத அப்ப சொல்லுங்க, ஒரு உலக்கையால அந்த வேகத்துல வர்ற பந்த அடிக்கணும்னு நெனச்சு பாருன்னு சொல்லுங்க.

அடுத்தது ஸ்ட்ரைக்கும் பாலும், இத மட்டும் பொறுமையா சொல்லி குடுங்க, ஏன்னா பாதி கதையோட உயிரே இதுலதான் இருக்கு. கிரிக்கெட்ல ஸ்டம்ப்புக்கு வெளிய போற பந்த எத்தன வேணா விடலாம், யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க. பேஸ்பால்ல அப்படி விட முடியாது. ஹோம் ப்ளேட்டுக்கு மேல, முட்டிக்கும் நெஞ்சுக்கும் நடுவுல வர்ற பந்த அடிக்காம விட்டா அது ஒரு ஸ்ட்ரைக், பேட்ட வீசி பந்து படாம போனாலும் ஸ்ட்ரைக், மூணு ஸ்ட்ரைக் ஆனா அவுட். அந்த கட்டத்துக்கு வெளிய வந்த பந்த விட்டா அதுக்கு பேரு பால், நாலு பால் ஆனா சும்மாவே ஃபர்ஸ்ட் பேஸுக்கு நடந்து போகலாம். மூணு பேரு அவுட்டான உடனே டீம் மாறி பேட்டிங் பண்ணும், ரெண்டு டீமும் ஆளுக்கு ஒரு தடவை ஆடினா ஒரு இன்னிங்ஸ், மொத்தம் ஒம்போது இன்னிங்ஸ். பந்த தட்டிட்டா ஓடியே ஆகணும், ஃபர்ஸ்ட் பேஸ்ல நிக்கிற ஃபீல்டர் கையில பந்து மொதல்ல வந்துட்டா அவுட், இது ரன் அவுட் மாதிரிதான், ஸ்டம்ப் மட்டும் இருக்காது. அடிச்ச பந்து வேலிய தாண்டினா ஹோம் ரன், அப்போ அடிச்சவனும் பேஸ்ல நிக்கிற எல்லாரும் உள்ள வந்துடலாம், ஆளுக்கு ஒரு ரன். இவ்வளவு போதும். மத்த ரூல் எல்லாம் கதையில வரும்போது அந்த எடத்துல நிறுத்தி சொல்லிக்கலாம், பன்ட்டும் பேஸ் திருடறதும் இப்பவே சொல்லி குழப்பிடாதீங்க.

மொதல்ல படிக்க நாவல் வேண்டாம். ஒரு கவிதைலேர்ந்து ஆரம்பிங்க. எர்னஸ்ட் தேயர்னு ஒருத்தர் 1888 ஜூன் 3ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோ எக்ஸாமினர் பத்திரிகையில எழுதின "கேஸி அட் தி பேட்". பதிமூணே பத்தி, சின்னது, இன்டர்நெட்ல இலவசமா கிடைக்கும். மட்வில்னு ஒரு ஊரோட டீம் 4-2ன்னு பின்னாடி இருக்கு, கடைசி இன்னிங்ஸ், ரெண்டு பேரு அவுட். யாரும் நம்பாத ஃப்ளின்னும் பிளேக்கும் எப்படியோ அடிச்சு தேர்ட் பேஸ்லயும் செகண்ட் பேஸ்லயும் போய் நிக்கறாங்க. இப்ப வர்றான் ஊரோட ஹீரோ கேஸி. இங்க நிறுத்துங்க. பசங்க கிட்ட கேளுங்க, இப்ப கேஸி ஒரு ஹோம் ரன் அடிச்சா என்ன ஆகும்னு. ரெண்டு பேரு பேஸ்ல, கேஸியோட சேத்து மூணு ரன், 5-4, மட்வில் ஜெயிச்சிடும். இத பசங்களே கணக்கு போட்டு கண்டுபிடிக்கணும், நீங்க சொல்லிடாதீங்க, அந்த கணக்கு அவங்க மண்டையில ஏறின நிமிஷமே அவங்களுக்கு பேஸ்பால் புரிஞ்சாச்சு.

அப்புறம் மெதுவா படிங்க. பத்தாயிரம் கண்ணு அவன பாக்குது, அஞ்சாயிரம் நாக்கு கத்துதுன்னு தேயர் எழுதறார், எத்தன பேரு வந்திருக்காங்கன்னு கேட்டா சின்ன பசங்க குஷியாயிடுவாங்க. மொத பந்த கேஸி வேணும்னே விடுறான், இது என் ஸ்டைல் இல்லங்கறான், ஸ்ட்ரைக். ஜனம் அம்பயர அடிக்க கெளம்புது, இவன் கைய தூக்கி அடக்கறான். ஜனம் அம்பயர அடிக்க கெளம்புது, இவன் கைய தூக்கி அடக்கறான். மூணாவதுக்கு பல்ல கடிச்சிட்டு வீசறான், காத்துதான் கிழியுது. முடிஞ்சுது. இத முடிச்ச உடனே ஒன்னும் பேசாதீங்க, தயவு செஞ்சு இதுலேர்ந்து என்ன கத்துக்கிட்டேன்னு கேட்டுடாதீங்க. அவங்களே ஆரம்பிப்பாங்க, மொத பந்தையே அடிச்சிருக்கலாம்ல, அவனுக்கு திமிரு ஜாஸ்தி, இல்ல இல்ல பிட்ச்சர் நல்லா போட்டான்னு சண்டையே நடக்கும். அந்த சண்டைதான் உங்களுக்கு வேணும்.

இத எந்த பாஷைல படிக்கிறதுன்னு கேப்பீங்க. என் வழி இது, கதையில பேச்சும் மனுஷங்களும் வர்ற எடத்த இங்கிலீஷ்லயே படிப்பேன், மேட்ச் நடக்கிற எடம் வந்தா புக்க மடியில வச்சிட்டு தமிழ்ல ரேடியோ கமெண்ட்ரி மாதிரி சொல்லுவேன். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் ரேடியோவுல தமிழ்ல கிரிக்கெட் வர்ணனை பண்ணத கேட்டவங்க வீட்ல யாராவது இருந்தா, அந்த தாத்தாவையோ பெரியப்பாவையோ கூட உக்கார வைங்க, அவங்களுக்கு பேஸ்பால் தெரிய வேண்டியதே இல்ல, அந்த ஏத்த இறக்கம் தெரிஞ்சா போதும். பழைய பேஸ்பால் நாவல்கள்ல மேட்ச் வர்ணனை பக்கம் பக்கமா போகும், கண்ணால படிச்சா அலுக்கும், காதால கேட்டா நகரவே மாட்டாங்க.

மொத நாவலா நான் எப்பவும் குடுக்கறது பெட்டி பாவ் லார்ட் 1984ல எழுதின "இன் தி இயர் ஆஃப் தி போர் அண்ட் ஜாக்கி ராபின்சன்" (போர்னா சண்டை இல்ல, காட்டுப்பன்னி, சீனக் காலண்டர்ல ஒரு வருஷத்தோட பேரு). ரொம்ப பழசு இல்லதான், ஆனா நம்ம பசங்களுக்கு இதவிட நல்ல வாசல் கிடையாது. 1947ல சீனாவுலேர்ந்து நியூயார்க்ல புரூக்ளினுக்கு வர்ற ஒரு பொண்ணு, ஷர்லி டெம்பிள் வாங்னு தனக்கு அமெரிக்க பேரு வச்சுக்கறா, இங்கிலீஷ் தெரியாது, கிளாஸ்ல ஃப்ரெண்டு இல்ல, எல்லாரும் ஆடுற ஆட்டமும் தெரியாது. அவளுக்கு பேஸ்பால் புரியாம ஆரம்பிச்சு புரிய வர்ற அதே வேகத்துல படிக்கிற புள்ளைக்கும் புரிஞ்சிடும், அதான் இதுல இருக்கற பெரிய சௌகரியம். எழுதினவங்களே ஷாங்காய்ல பொறந்து எட்டு வயசுல அமெரிக்கா போனவங்க. திருச்சிலேர்ந்தோ சேலத்துலேர்ந்தோ பாதி வருஷத்துல பெங்களூர் ஸ்கூலுக்கு மாறி வந்து கன்னட பீரியட்ல முழிச்சிட்டு உக்காந்திருக்கற புள்ளைக்கு இந்த புக்க குடுத்து பாருங்க, நான் குடுத்திருக்கேன், கீழ வைக்கல.

அந்த புக்குல ஜாக்கி ராபின்சன் யாருன்னு பசங்க கேப்பாங்க, அவசரமா ஒரே வரியில முடிச்சிடாதீங்க. கருப்பினத்துக்காரங்கள அமெரிக்காவோட பெரிய பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்ல சேக்காம பல வருஷம் கதவ சாத்தி வச்சிருந்தாங்க, அவங்களுக்குன்னு தனி லீக் நடந்துச்சு. 1947 ஏப்ரல் 15 அன்னிக்கு புரூக்ளின் டாட்ஜர்ஸ் டீமுக்காக ராபின்சன் எபெட்ஸ் ஃபீல்டுல இறங்கினாரு, அதோட அந்த கதவு தொறந்துச்சு. அவரோட நம்பர் 42, 1997லேர்ந்து எந்த டீமும் அந்த நம்பர புதுசா யாருக்கும் குடுக்கறதில்ல, வருஷா வருஷம் ஏப்ரல் 15 மட்டும் எல்லா ஆட்டக்காரங்களும் 42 போட்டுட்டு ஆடுவாங்க. இத சொன்ன கையோட நம்ம ஊரு கதையையும் சொல்லுங்க. பல்வங்கர் பாலூ, நம்ம கர்நாடகாவுல தார்வாட்ல பொறந்த தலித், இடது கை ஸ்பின்னர். புனேல கூட ஆடினவங்க டீ குடிக்கறப்ப இவருக்கு மட்டும் வெளிய மண் குவளையில குடுத்தாங்க. 1911ல இங்கிலாந்து போன இந்திய டீமுக்கு நூறு விக்கெட்டுக்கு மேல எடுத்தவர், ஆனா பம்பாய்ல மதவாரியா டீம் பிரிச்சு ஆடின போட்டியில இந்துக்கள் டீமுக்கு அவர கேப்டன் ஆக்கல, அவரோட தம்பி விட்டலுக்குத்தான் 1923ல அந்த எடம் கெடச்சுது. பசங்க அமெரிக்காவ மட்டும் மோசம்னு நெனச்சிட்டு புக்க மூடக்கூடாது, அதனால சொல்றேன்.

சின்ன பசங்க, ஏழு எட்டு வயசுன்னா, இதே விஷயத்துக்கு "பேஸ்பால் சேவ்ட் அஸ்"னு ஒரு படப் புக் இருக்கு, கென் மோச்சிசுகி எழுதி டாம் லீ படம் வரைஞ்சது, 1993. ரெண்டாம் உலகப் போர் நேரத்துல அமெரிக்காவுல இருந்த ஜப்பான் வம்சாவளி குடும்பங்கள பாலைவன முகாம்ல அடைச்சு வச்சப்ப, ஒரு அப்பா அந்த மண்ணுலயே மைதானம் கட்டறாரு. ஒரே உக்காருல முடிஞ்சிடும், பேச்சு மட்டும் ரெண்டு நாளைக்கு ஓடும்.

இப்ப பெரிய புக்குக்கு வரலாம். ஜான் ஆர். டூனிஸ், பசங்களுக்கான பேஸ்பால் நாவல்னா எனக்கு இவர்தான். "தி கிட் ஃப்ரம் டாம்கின்ஸ்வில்" 1940ல வந்துச்சு. கனெக்டிகட்ல சின்ன ஊரு, பாட்டியோட இருக்கற ராய் டக்கர், பிட்ச்சரா டாட்ஜர்ஸ் டீமுக்கு வர்றான், வந்த வேகத்துல ஜெயிச்சிட்டே போறான், அப்புறம் ஷவர்ல நடக்கிற ஒரு விபத்துல முழங்கை போயிடுது, இனிமே பந்து வீச முடியாது. பாதி புக்குலயே ஹீரோவோட வேலை போயிடுது பாருங்க! அதுக்கப்புறம் அவன் பேட்ஸ்மேனா, அவுட்ஃபீல்டரா மறுபடி மொதல்லேர்ந்து கத்துக்கறான், டேவ் லெனார்டுன்னு ஒரு வயசான கேட்ச்சர் (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி) கூட நிக்கறாரு. டூனிஸ் பசங்கள சின்ன பசங்களா நெனச்சு எழுதல, சம்பளம், பயம், டீம்லேர்ந்து தூக்கிடுவாங்களோங்கற கவலை, பத்திரிகைக்காரங்க, எல்லாம் உள்ள இருக்கு. பதினொரு வயசுக்கு மேல குடுங்க. கடைசி சாப்டர மட்டும் ராத்திரி தூங்கப் போறப்ப படிக்காதீங்க, என்ன நடக்குதுன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா தூக்கம் வராது, 1941ல வந்த "வேர்ல்ட் சீரிஸ்" புக்க கையில தயாரா வச்சிட்டு படிங்க, கதை அதுல தொடரும். பிலிப் ராத் தன்னோட "அமெரிக்கன் பாஸ்டரல்" நாவல்ல இந்த டாம்கின்ஸ்வில் புக்க பத்தி பக்கக்கணக்குல எழுதியிருக்காரு, அது பெரியவங்களுக்கு.

டூனிஸோட இன்னொன்னு "கீஸ்டோன் கிட்ஸ்", 1943. ஸ்பைக், பாப்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு, அவங்க டீமுக்கு ஜாக்கோ க்ளைன்னு ஒரு யூத கேட்ச்சர் வர்றான், எதிர் டீம் திட்டறது பெருசில்ல, சொந்த டீம்லயே அவன குத்திக்காட்டறாங்க. உலகப் போர் நடந்துட்டு இருக்கற நேரத்துல பசங்க புக்குல இத எழுதின தைரியத்துக்கே அவர எனக்கு ரொம்ப புடிக்கும். பேசற விதத்துக்காகவோ சாப்பாட்டு டப்பாவுக்காகவோ கிளாஸ்ல கிண்டல் பண்றவன், கிண்டல் படறவன், பக்கத்துல சும்மா நிக்கிறவன், மூணு பேருக்கும் இதுல எடம் இருக்கு.

காசு செலவு பண்ணாம ஆரம்பிக்கணும்னா ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்துக்கு போங்க. நம்ம நாட்டு காப்பிரைட் சட்டப்படி எழுதினவர் செத்து 60 வருஷம் ஆனா அந்த எழுத்து எல்லாருக்கும் பொது. டூனிஸ் 1975ல செத்தாரு, அதனால அவர் புக்க வாங்கித்தான் ஆகணும், ஆனா 1939ல செத்த ஸேன் கிரேயோட "தி யங் பிட்ச்சர்" இலவசம், 1911ல வந்தது. கவ்பாய் கதை எழுதி பேர் வாங்கின ஸேன் கிரேயேதான், காலேஜ்ல நிஜமாவே பேஸ்பால் ஆடினவர். காலேஜுக்கு புதுசா வந்த கென் வார்ட் துரத்தற சீனியர் பசங்க மேல உருளைக்கிழங்க எடுத்து வீசறதுலதான் அவன் கை பலம் வெளிய தெரியும், பசங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. "பேஸ்பால் ஜோ" வரிசையும் 1912லேர்ந்து வந்ததுல பல புக் அங்க இருக்கு, லெஸ்டர் சாட்விக்னு அட்டையில இருக்கும், அப்படி ஒரு ஆளே கிடையாது, ஹார்டி பாய்ஸ உருவாக்கின அதே ஸ்ட்ராட்மேயர் கம்பெனி வச்ச பேரு அது. ஜோ எப்பவும் ஜெயிப்பான், எல்லாரும் அவன கொண்டாடுவாங்க. ரெண்டு புக்குக்கு மேல எனக்கு தாங்கல, ஆனா வேகமா படிக்க பழகணும்னா பரவால்ல.

ஒரு எச்சரிக்கை, 1910, 20கள்ல வந்த இந்த மாதிரி புக்குகள்ல கருப்பினத்துக்காரங்களையும் மத்த நாட்டுக்காரங்களையும் கேவலமா பேசற வார்த்தைங்க திடீர்னு வரும். நீங்க முன்னாடியே ஒரு தடவை படிச்சிடுங்க. சின்ன பசங்கன்னா அந்த வரிய தாண்டிடலாம், பெரிய பசங்கன்னா நிறுத்தி, அப்ப இப்படித்தான் எழுதினாங்க, இது தப்புன்னு நேரா சொல்லிடுங்க. பழைய புக்குகள்ல பொம்பள புள்ளைங்க ஆடவே மாட்டாங்க, அதையும் பொண்ணுங்க கேப்பாங்க, கேக்கணும். அமெரிக்காவுல சின்ன பசங்க ஆடற லிட்டில் லீக்ல பொண்ணுங்கள சேத்ததே 1974லதான்னு சொல்லிட்டு ஷர்லியோட கதைய கையில குடுங்க.

படிக்கவே புடிக்காத பையன்னா மேட் கிறிஸ்டோபர். சின்ன புக்கு, நேரடியான இங்கிலீஷ், நூத்துக்கும் மேல எழுதியிருக்காரு. "தி கிட் ஹூ ஒன்லி ஹிட் ஹோமர்ஸ்" 1972, சுமாரா ஆடற ஒரு பையனுக்கு ஜார்ஜ் பாரூத்னு ஒரு மர்மமான ஆளு வந்து அடிக்க சொல்லி குடுப்பாரு, பேரு யார ஞாபகப்படுத்துதுன்னு பெரியவங்களுக்கு உடனே தெரிஞ்சிடும், பசங்களுக்கு அந்த பழைய ஹோம் ரன் ஹீரோ பேப் ரூத் யாருன்னு அப்புறமா சொல்லுங்க.

புக் தேட சர்ச் ஸ்ட்ரீட் போங்க. ப்ளாசம்லயும் புக்வோர்ம்லயும் செகண்ட் ஹேண்ட் குழந்தைங்க ஷெல்ஃப்ல மேட் கிறிஸ்டோபர் மாதிரி புக்குங்க கண்ணுல பட வாய்ப்பு இருக்கு, பேஸ்பால்னு தனியா ஒதுக்கி வச்சிருக்க மாட்டாங்க, அதனால முதுகு பக்கம் ஒவ்வொன்னா பாக்கணும், பசங்களையும் தேட விடுங்க. டூனிஸ் கடையில மாட்றது கஷ்டம், இ-புக்கா தேடுங்க. படிக்க எடம் வேணும்னா கப்பன் பார்க் இருக்கு, சனிக்கிழமை காலைல பெரியவங்க பாய் விரிச்சு சத்தமில்லாம படிச்சிட்டு இருப்பாங்க, நீங்க கமெண்ட்ரி குடுக்கப் போறீங்க, அதனால கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடி பாத்துக்கங்க.

ஒரு புக் முடிஞ்சதும் ஒரு நோட்டுல ஒம்போது கட்டம் போட்டு, கடைசியா R, H, Eன்னு வர்ற எடத்துக்கு ரன், ஹிட், எர்ரர்னு தமிழ்லயே எழுதி, கதையில வந்த மேட்ச்சுக்கு ஸ்கோர் போட சொல்லுங்க, எந்த இன்னிங்ஸ்ல என்ன நடந்துச்சுன்னு தேட புக்க மறுபடி பொரட்டுவாங்க, ரெண்டாவது வாசிப்பு தானா நடந்துடும். அக்டோபர் கடைசியில மேஜர் லீக்கோட ஃபைனல் தொடரான வேர்ல்ட் சீரிஸ் வரும், அப்போ நியூயார்க்ல ராத்திரி எட்டு மணி நமக்கு காலைல அஞ்சரை. பசங்கள ஒரு நாள் எழுப்பி விட்டு, ஒரு டம்ளர் ஹார்லிக்ஸ குடுத்து உக்கார வைங்க, ஸ்கூல் வேன் வர்றதுக்குள்ள மூணு நாலு இன்னிங்ஸ் பாத்துடலாம்.